கீழ் டிவிசன் பிரிந்துபோன பங்குனி

தொழிற்சங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளக்கேற்றி மாரியம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நடந்ததைக் கூட்டிச் சொல்லாமல் எழுத வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

வேலைநிறுத்தங்களைப் பற்றியும், தோட்டத்தை நடத்துகிற துரைமாரோடு பேசி ஜெயித்ததைப் பற்றியும் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது என் வாயால் வந்த ஒரு வினை.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு என்னைச் சங்கப் பிரதிநிதியாகப் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. என்னிடம் ஒரு குடையும், ஒரு தோல்பையும், பைக்குள் சங்கத்தின் விதிப்புத்தகமும் இருந்தன. குடையைத் தினமும் விரித்தேன். புத்தகத்தை விரித்ததே இல்லை.

திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அதில் மேல், நடு, கீழ் என்று மூன்று டிவிசன்கள். கோயிலும் தேயிலை அரைக்கிற ஸ்டோரும் மேல் டிவிசனில். கீழ் டிவிசன் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பாலத்தைத் தாண்டி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கமிட்டி. துரையிடம் பேசுவதும் அதுதான், திருவிழா எடுப்பதும் அதுதான். கமிட்டித் தலைவர் அழகர்சாமி மேல் டிவிசன்காரர். கீழ் டிவிசனுக்கு உபதலைவர் சின்னக்கருப்பன். அழகர்சாமியின் கூடப் பிறந்த தங்கை பொன்னம்மாளைக் கட்டியவர். ஆக, தலைவரும் உபதலைவரும் மச்சான் முறை.

பங்குனித் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ் டிவிசனுக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். எனக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். சின்னக்கருப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, ஒரு கேள்விங்க. சட்டப்படி பதில் சொல்லணும். மூணு டிவிசனும் சேர்ந்துதான் கமிட்டி. அதுல ஒரு டிவிசன் தனியாப் போறதுன்னா, அப்படிப் போக எங்களுக்கு உரிமை இருக்கா, இல்லையா?"

ஏன் போக வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தோட்டம் இரண்டாக உடைந்தால் துரைக்குக் கொண்டாட்டம், என் பெயரும் சங்கக் காரியாலயத்தில் கெட்டுப்போகும் என்ற பயம்தான் முதலில் வந்தது. பயந்தவன் குரலை உயர்த்துவான். நானும் உயர்த்தினேன்.

"இல்லை. சட்டத்தில் அதற்கு இடமே கிடையாது."

பின்னால் நின்ற பொன்னம்மாள், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "இடமில்லைங்களா? சரிங்க. அப்ப கட்டாயம் போய்த்தான் ஆகணும்."

வாசலே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதுவரை பாதிப் பேருக்கு விளையாட்டாக இருந்த பேச்சு, நான் கதவைச் சாத்திய அந்த நிமிடத்தில் முழுப் பேருக்கும் தீர்மானமாகிவிட்டது.

காரணத்தைப் பாலத்தருகே ஒருவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பதினோரு வருஷமாக அம்மன் தேர் மேல் டிவிசனையும் நடு டிவிசனையும் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிடுகிறது. பாலத்தைத் தாண்டி வந்ததில்லை. பாலத்தை விடத் தேர் அகலம். அம்மா தங்கள் பக்கமும் வர வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் கீழ் டிவிசன் கமிட்டியில் கேட்கும். வாக்கெடுப்பு நடக்கும். இரண்டு டிவிசன் ஒரு பக்கம், ஒரு டிவிசன் ஒரு பக்கம். "கை தூக்கித் தூக்கித் தோள்பட்டைதாங்க வலிக்குது. ஒரு நாளும் ஜெயிச்சதில்ல" என்றார் அந்த மனிதர்.

மறுநாள் காரியாலயத்தில் எங்கள் பெரியவரிடம் சொன்னேன். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, எப்போதும் பத்திரிகை படிக்கிற மனிதர். அவரிடம் பாராட்டு வாங்கலாம் என்றுகூட ஒரு எண்ணம் இருந்தது.

"எந்தப் பக்கத்துல இருக்கு தம்பி?" என்றார்.

"எதுங்க?"

"இடமில்லைன்னு சொன்னீங்களே. அது எந்தப் பக்கத்துல?"

அன்றைக்குத்தான் அந்தப் புத்தகத்தை முதல் தடவையாக விரித்தேன். இரண்டு பேரும் அட்டையிலிருந்து அட்டை வரை பார்த்தோம். எப்படிச் சேருவது, தலைவரை எப்படித் தெரிவு செய்வது, எப்படி இறக்குவது, மொத்தக் கிளையையும் எப்படிக் கலைப்பது, எல்லாம் இருந்தது. ஒரு பகுதி மட்டும் பிரிந்து போகலாமா கூடாதா என்று ஒரு வரி இல்லை.

"எழுதாததால உரிமை இருக்குன்னு கீழ் டிவிசன் சொல்லும். எழுதாததாலேயே இல்லைன்னு மேல் டிவிசன் சொல்லும்" என்றார் பெரியவர். "தேசங்களுக்கே இதுல தலைவலி. ரஷ்யாக்காரன் சாசனத்துல, சேர்ந்த நாடு பிரிஞ்சு போகலாம்னு எழுதி வச்சிருக்கான். எவனும் போனதில்ல. போக விடுவானான்னும் தெரியாது. அமெரிக்காவுல எழுதாம விட்டான். போறோம்னு சில மாநிலம் கிளம்பினப்போ பெரிய சண்டையே நடந்துச்சு. இந்தியாவுல இப்பத்தான் அந்தப் பேச்சுக்கே தடை போடப் பாக்கிறாங்க. இந்த இலங்கையிலயும் சமஷ்டி, கூட்டாட்சின்னு வாயைத் திறந்தா, பிரிவினைன்னு காதுல விழுது."

கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா தம்ளர்களை எடுக்க வந்தவர், "சேர்றப்போ போறதைப் பத்தி யாருங்க எழுதுவாங்க? கல்யாணப் பத்திரிகையில எழுதுவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். "நம்ம சனங்களுக்குக் குடியுரிமை குடுத்துச் சேர்த்துக்க, இலங்கை இந்தியான்னு இன்னும் ஒரு தேசமும் ஒழுங்காக் கையெழுத்துப் போடல. நாம உக்காந்து பிரியுற உரிமையைப் பேசுறோம் பாருங்க. அதுலயும் ஒரு பெருமைதான் தம்பி."

"அப்ப நான் என்னங்க செய்யணும்?"

"எனக்கும் தெரியாது. நீங்க சொன்னது தப்புன்னு முதல்ல போய்ச் சொல்லுங்க. மிச்சத்தை அங்க நிக்கிறப்போ யோசிங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் கூட்டம் என்று சொல்லியனுப்பினேன். சனிக்கிழமை மத்தியானம் அழகர்சாமி என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ஐயா, நாளைக்குக் கூட்டம் வேணாங்க. காய்ச்சல் கீய்ச்சல்னு சொல்லிச் செவ்வாக்கிழமை வரைக்கும் இழுத்துடுங்க. அன்னைக்குக் காப்புக் கட்டு. கட்டிட்டா எவனும் எங்கயும் பிரிய முடியாது. திருவிழா முடியறதுக்குள்ள சூடு தணிஞ்சிடும்."

மலைநாட்டில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பூசாரி கையில் மஞ்சள் காப்புக் கட்டியபின், அதை அவிழ்க்கும் வரை தோட்டத்தில் எந்தக் குடும்பமும் வீடு மாறாது, பாகம் பிரிக்காது, வெளியூர் போய்த் தங்காது. அம்மா ஊருக்குள் இருக்கிறாள், அவளை விட்டு எங்கே போவது என்பது எங்கள் முறை.

அழகர்சாமி கெட்டவர் இல்லை. தங்கை குடும்பம் விலகிப் போகிறதே என்று மனிதர் இளைத்துப்போயிருந்தார். யோசனையும் சுலபமாகத்தான் இருந்தது. நான் ஒரு நாள் படுத்துக்கொண்டால் போதும். தோட்டம் உடையாது. என் வேலையும் தப்பும்.

பார்க்கலாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, சாமிப் படத்துக்கு முன்னால் நின்றேன். ஒப்புக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். கற்பூரத்தை ஏற்றி, கண்ணை மூடினால், வேண்டுதல் வாயில் வரவில்லை. போக நினைக்கிற சனங்களை உள்ளேயே வைக்க அம்மாவைப் பூட்டாகப் போடுவதா? அப்படி உள்ளே இருப்பவர்கள் தேர் வடத்தை எந்த மனதோடு இழுப்பார்கள்? கற்பூரம் எரிந்து முடிந்தது. வாழைப்பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

மைதானம் நிறைந்திருந்தது. மேல், நடு டிவிசன்காரர்கள் கோயில் பக்கம், கீழ் டிவிசன்காரர்கள் பாதைப் பக்கம். நான் எழுந்து, "போன ஞாயிறு நான் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னது தவறு. புத்தகத்தைப் படிக்காமல் சொல்லிவிட்டேன். இப்போது படித்தேன். போகலாம் என்றும் அதில் இல்லை, கூடாது என்றும் இல்லை. எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"அப்ப அந்தப் புத்தகம் எதுக்குங்க, சுண்டல் மடிக்கவா?" என்றது ஒரு குரல். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. ஒரு வாரமாக அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். வெட்கப்பட்டாலும் எனக்கு உள்ளுக்குள் தெம்பு வந்தது.

அழகர்சாமி எழுந்தார். "சரி, புத்தகத்துல இல்ல. அப்ப வழக்கம்போல வாக்கெடுப்பு. மூணு டிவிசனும் கை தூக்கட்டும்."

"அண்ணே." பொன்னம்மாள் உட்கார்ந்தபடியே கூப்பிட்டார். "நான் கல்யாணமாகிக் கீழ் டிவிசனுக்குப் போனப்போ, மேல் டிவிசன் பூரா கை தூக்கி முடிவு பண்ணியா அனுப்பி வச்சீங்க?"

அழகர்சாமி என் பக்கம் திரும்பினார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் உங்கள் முகத்தையும் எல்லாரும் பார்ப்பார்கள் தம்பி. அப்போது பைக்குள் எந்தப் புத்தகமும் உதவாது. எது நியாயமென்று மனதுக்குப் படுகிறதோ அதைச் சொல்லி, வருகிறதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"போகிறவர்கள்தான் கை தூக்க வேண்டும்" என்றேன். "ஆனால் அதற்கு முன்னால் இருக்கிறவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். இன்னொன்று. கோயில் காரியமும் கமிட்டியும் எப்படியானாலும் சரி, சம்பளம், கொழுந்து நிறுவை, லயம், இந்த விஷயங்களில் துரை முன்னால் இரண்டாக நின்றால் இரண்டு பேரும் அழிந்துபோவீர்கள்."

சின்னக்கருப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க மச்சானை விட்டுப் பிரியுறோம்ங்க. துரைகிட்டப் போய்ச் சேர்றதுக்காகப் பிரியல. எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன்."

எழுதினேன். போட்டார்.

பிறகு அழகர்சாமி பேசினார். நீளமாகப் பேசத்தான் எழுந்தார். "எங்க மேல குறை இருந்தா சொல்லியிருக்கலாமே மச்சான்" என்பதோடு உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னோம் மச்சான். பதினோரு தடவ சொன்னோம். நீங்க கேக்கல. எண்ணிப் பாத்தீங்க."

கை தூக்கச் சொன்னேன். கீழ் டிவிசன் முழுவதும் தூக்கியது. பொன்னம்மாள் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கடைசியாகத் தூக்கினார். எழுந்து, வரிசையாகப் பாதையில் இறங்கிப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சேர்த்து வைக்கப் போட்ட ஆள், பிரித்து வைத்துவிட்டுக் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தை விட்டுப் போகவே மனம் வரவில்லை. திங்கட்கிழமையும் அங்கேயே இருந்தேன். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் அழகர்சாமி என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, தேர் இழுக்க ஆள் பத்தாதுங்க. ஸ்டோர் முடக்கு வளைவுல ஒரு ஏத்தம் இருக்கு. அங்க இடது வடம் எப்பவும் கீழ் டிவிசன் பயலுகதான்."

"கூப்பிடுங்களேன். வரமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லையே."

"எப்படிங்க கூப்பிடுறது? இம்புட்டு நாளும் காலையில பேர் பதியுற பெரட்டுல ஆளுங்க கூடுறப்போ சனிக்கிழமை தேருன்னு ஒரு சத்தம் குடுப்போம், வந்துடுவாங்க. இப்ப அவங்க வேற வீடு. வேற வீட்டை அப்படிக் கூப்பிட முடியுமா? தட்டு வச்சு..."

சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். சொன்னதைத் தானே கேட்டதுபோல இருந்தது அவர் முகம். பதினோரு வருஷமாகத் தன் தங்கை வீட்டைச் சாமி காரியத்துக்கு முறைப்படி அழைத்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று என்று இருந்தவரை, அழைக்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய் வைத்துக்கொண்டு வந்தார். நானும் கூட நடந்தேன்.

பொன்னம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் எழுந்து கையைச் சேலையில் துடைத்தார். "என்னண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?"

"உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு புள்ள. கமிட்டித் தலைவரைப் பாக்க வந்திருக்கேன்."

அந்த வார்த்தையைக் கேட்டு உள்ளே சின்னக்கருப்பன் சட்டையைத் தேடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அதற்குள் லயமே கூடிவிட்டது. அழகர்சாமி இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

"அம்மா தேருக்குக் கீழ் டிவிசன்காரங்க எல்லாரும் குடும்பத்தோட வந்து, வடம் பிடிச்சுக் குடுக்கணும்."

சின்னக்கருப்பன் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கியவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இதற்கு முன் யாரும் அவரைத் தலைவர் என்று அழைத்ததில்லை, தட்டும் நீட்டியதில்லை. பொன்னம்மாள் உள்ளே போய்த் தன் வீட்டு வெற்றிலையையும் ஒரு சீப்புப் பழத்தையும் கொண்டுவந்து அதே தட்டில் வைத்தார். வைத்துவிட்டுப் புருஷனுக்குக் கண்ணைக் காட்டினார். அவருக்குப் பிடிபட்டது. தட்டைத் திருப்பி நீட்டினார்.

"கட்டாயம் வருவோம் மச்சான். நாங்களும் அழைக்கிறோம். தேருக்கு மறுநாள் மஞ்ச நீராட்டு அன்னைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வாசலுக்கு வரணும்."

"பாலத்துல தேர் போகாதே மச்சான்."

"தேரை யாரு கேட்டா? அம்மாவைத்தானே கேட்டோம்."

நீட்டிய தாம்பூலத்தை வேண்டாமென்று சொல்ல எங்கள் சனத்தில் யாருக்கும் கை வராது. அழகர்சாமி வாங்கிக்கொண்டார். பதினோரு வருஷம் வாக்கெடுத்தும் நடக்காதது, ஒரு பிடி வெற்றிலையில் முடிந்துபோனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அடுப்பே எரியவில்லை.

துரையைப் பற்றிய பயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தோட்டம் உடைந்தது என்று கேள்விப்பட்டு அவர் சந்தோஷப்பட்டது உண்மை. அடுத்த மாதம் லயத்துக் கூரை விஷயமாகப் பேசப் போனபோது, ஒரு தலைவருக்குப் பதிலாக இரண்டு தலைவர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். இருவரும் வெளியே வரும்போது கூரைக்குத் தகரம் கிடைத்திருந்தது. காரியாலயத்தில் என்னைத் திட்டக் காத்திருந்தவர்களும் அதற்குப் பிறகு திட்டவில்லை.

இதனால் பிரிவது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பெரியவர் சொன்ன அந்தத் தேசங்களில் சண்டை போட்டுச் செத்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களும் யாருக்கோ மச்சான்தான். உரிமை உண்டா இல்லையா என்று உங்களிடம் கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்று பெட்டி மேல் உட்கார்ந்து கேளுங்கள். போயே தீருவோம் என்றால், போகும் வழியை மரியாதையாக வைத்துக் கொடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தத் தேர்ச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கீழ் டிவிசன் தப்படித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தபோது, மேல் டிவிசன் சனங்கள் சந்தனக் கிண்ணத்தோடு எதிரே போய் நின்றார்கள். ஸ்டோர் முடக்கில் தேர் ஒரு நொடிகூட நிற்காமல் ஏறியது.

மறுநாள் காலை பனி விலகியதும் அம்மாவைப் பல்லக்கில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முன்தண்டில் அழகர்சாமி. பாலத்தில் ஆள் மாற்றலாம் என்றார்கள். அவர் விடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லயங்கள் வெள்ளையடித்து, வாசலெல்லாம் கோலம், வாழை மரம், வேப்பிலைத் தோரணம். வயசான ஒரு அம்மாள் சாமியைப் பார்த்துக் கும்பிடக்கூடத் தோன்றாமல், "வந்துட்டியா, வந்துட்டியா" என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாமி தூக்கி வருகிறவர்கள் காலுக்கு வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். பொன்னம்மாள் குடத்தோடு முன்னே வந்தார். மற்றவர்களுக்கு அளவாக ஊற்றியவர், அண்ணன் காலுக்கு வந்ததும் மொத்தக் குடத்தையும் சாய்த்துவிட்டார். பங்குனி மாதத்து மலைக்குளிர். அழகர்சாமி தண்டைத் தோளில் வைத்தபடி துள்ளினார்.

"ஐயோ, குளிருது புள்ள."

"குளிராம என்ன செய்யும்? நீங்க வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு" என்றார் பொன்னம்மாள். சொல்லிவிட்டுக் குனிந்து, தன் சேலை முந்தானையால் அண்ணனுடைய பாதத்தைத் துடைத்தார்.